வாடிய நாயும் வழியறிந்த அருளும்

மயில் குளிரால் வாடுமென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் பேகன். அவ்வள்ளலைப் பாடிய பரணர், ‘கொடைமடம்’ என்னும் அரிய சொல்லைப் புறநானூற்றில் ஆள்கின்றார். இன்னது தேவை, இன்னது தேவையில்லை என ஆராயாது கொடுக்கும் அந்த அறியாமை வள்ளலுக்கு அணியாகலாம். ஆனால், நோயுற்று வீழ்ந்த உயிரைக் காக்க முனைவோர்க்கு அஃது அணியாகாது. இவ்வுண்மையை நான் ஒரு தெருநாயிடம் கற்றேன்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில், விடுதிக்கு வெளியே சாக்கடை ஓரத்தில் ஒரு பெண்நாய் கிடந்தது. மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இரக்கம் மேலிட, நண்பர்களுடன் சோறும் பாலும் ரொட்டியும் கொணர்ந்து வயிறு நிரம்ப ஊட்டினேன். மறுநாளும் அவ்வாறே செய்தோம். அது வாலை அசைத்தது, நாங்கள் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் காலையில் அது இறந்து கிடந்தது. நோய் முற்றியதால் மாண்டது என ஆறுதல் கொண்டோம். பல்லாண்டுகளுக்குப் பின் இதனைக் கேட்ட கால்நடை மருத்துவர் ஒருவர், “நீங்கள் இட்ட சோறே அதன் முடிவை விரைவுபடுத்தியிருக்கலாம்” என்றார்.

பசித்த உடலும் பெருகிய உணவும்

நெடுநாள் பட்டினி கிடந்த உடல், தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் வாழ்கின்றது. அந்நிலையில் மாவுப்பொருள் மிகுந்த உணவு திடீரெனச் சேருமானால், இன்சுலின் பெருகிச் சுரக்கும். அதனால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் உயிரணுக்களுக்குள் விரைந்து புகுந்துவிடும். இரத்தத்தில் அவை குறையவே, இதயமும் மூச்சுத்தசைகளும் தளரும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல், சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் சிலர் உணவு கிடைத்த பின்னர் மாண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆதலின், உணவைச் சிறுகச் சிறுகவே கூட்டவேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள நாய் ஓய்வாகக் கிடக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கலோரி தேவை. முதல் நாளில் அதில் கால் பங்கு போதும். வேகவைத்த முட்டை ஒன்றும் சிறிது கோழிக்கறியும் அவ்வளவினைத் தந்துவிடும். அதனையும் நான்கைந்து வேளையாகப் பகிர்ந்தளித்தல் வேண்டும். முழு அளவை எட்டச் சில நாள் ஆகும்; அதனை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

அணுகும் முறை

உதவச் செல்வோர் முதற்கண் எண்ண வேண்டியது வெறிநோயாகும். கடித்துப் பாயும் நாய்க்கு மட்டுமே வெறிநோய் உண்டு என்பது தவறான எண்ணம். தாடை தொங்கி, எச்சில் ஒழுக, கால்கள் செயலிழந்து அமைதியாகக் கிடக்கும் நாய்க்கும் அந்நோய் இருக்கக்கூடும். தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி அதன் வாய்க்குள் கைவிடலாகாது. பயிற்சி பெற்றவரையோ விலங்கு நல அமைப்பையோ அழைத்தலே நன்று. கடியோ கீறலோ பட்டுவிட்டால், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தல் மிக மிக அரிது.

ஐயத்திற்கு இடமில்லாத நாயாயின், அதன் ஈறுகளைப் பார்த்தல் வேண்டும். நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாயிருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். ஈறு வெளுத்தோ உடல் குளிர்ந்தோ இருப்பின், சாக்கினாலோ போர்வையாலோ போர்த்தி, விரைந்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நினைவிழந்த நாயின் வாயில் நீரோ பாலோ ஊற்றினால், அது மூச்சுக்குழலில் புகுந்து கேடு விளைக்கும்.

சொறிக்கு எஞ்சின் ஆயில் பூசுவதும், புழுத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நம்மிடையே உள்ள கொடிய பழக்கங்கள். தோல்வழி உடலில் கலந்தும், நக்குவதால் உள்ளே சென்றும் அவை நஞ்சாகின்றன. நமக்குரிய வலி மாத்திரைகளும் நாய்க்கு ஆகா. சொறி, கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியால் வருவது. முட்டைகள் பொரிந்து மீண்டும் பெருகுவதால் ஒருமுறை மருந்திட்டு நிறுத்தலாகாது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை நான்கு வாரம் தரவேண்டியிருக்கும். நாய் எழுந்து நடந்துவிட்டதென்று இடையில் கைவிட்டால் நோய் மீளும்.

தூய்மையும் இரக்கமும்

நாயின் எச்சில் பற்றிய தூய்மை விதிகளைப் பேணும் பெரியோர்க்கு இங்கே ஒரு தயக்கம் எழலாம். கையுறை அணிதலை மருத்துவம் வற்புறுத்தும்; பின்னர் நன்கு கழுவுதல் மார்க்கம், மருத்துவம் இரண்டும் வற்புறுத்துவதே. தூய்மை பேணுதல் இரக்கத்திற்குத் தடையன்று. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்கு நீர் புகட்டியவரை இறைவன் மன்னித்த வரலாற்றை நபிமொழி கூறுகின்றது. அம்மனிதர் நின்று வருந்தியதோடு அமையவில்லை. கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் முகந்து, அதனை வாயில் கவ்வியவாறே மேலேறி வந்தார். அவருடைய இரக்கம் வழியறிந்த இரக்கம்.

நலம்பெற்ற பின்

உடல் தேறியதும் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியன செய்து, வளர்க்க விரும்புவோரிடம் ஒப்படைத்தல் சாலச் சிறந்தது. மீட்ட நாயைக் கல்லூரி வளாகத்தில் விட்டுவிடலாம் என எண்ணுதல் பொருந்தாது. கல்வி நிலையங்களிலிருந்து அகற்றப்படும் தெருநாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனவே உள்ளாட்சி அமைப்பைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். மருத்துவத்திற்கு அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பும் இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றி வருவன.

மாணவச் செல்வங்களே! நாயின் குட்டியையும் புலியின் குட்டியையும் ‘குருளை’ என்னும் ஒரே பெயரால் வழங்கலாம் என்றது தொல்காப்பியம். மொழியில் அவற்றிடையே ஏற்றத்தாழ்வு இல்லை. சாக்கடை ஓரத்தில் கிடந்த அந்த நாய்க்கு எங்களிடம் அன்பு குறைவாயில்லை, அறிவே குறைவாயிருந்தது. அக்குறை உங்களிடம் இல்லாதிருக்கட்டும்.