'கேட் போட்டுட்டான்': சாக்குச் சொல்லும் மொழி குறித்து

கொருக்குப்பேட்டையில் வளர்ந்த எங்களுக்கு எந்தத் தாமதத்துக்கும் ஒரே வாக்கியம்தான்: 'கேட் போட்டுட்டான்.' சரக்கு ரயிலுக்காக லெவல் கிராசிங்கை மூடிவிட்டால் மீன்பாடி வண்டியும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படியே நிற்க வேண்டியதுதான். இந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்று துருவுவதில் பெரிய பயனில்லை. சாக்கு என்பது தகவலல்ல. மொழியால் செய்யப்படும் ஒரு செயல்.

நன்னூல் விடைகளை எட்டாக வகுக்கிறது. 'ஆடுவாயா?' என்ற கேள்விக்குக் 'கால் வலித்தது' என்றால் உற்றதுரைத்தல். 'கால் வலிக்கும்' என்றால் உறுவது கூறல். 'மாட்டேன்' என்ற சொல் வராமலே மறுப்பு நடந்துவிடுகிறது. எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது, இது சாக்கின் இலக்கணமும்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. 1956இல் சாக்குகள் குறித்து உரையாற்றிய ஜே. எல். ஆஸ்டின் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். 'செய்தேன், ஆனால் அது தவறல்ல' என்பது நியாயப்படுத்தல். 'நடந்தது தவறுதான், ஆனால் முழுப் பொறுப்பும் என்னுடையதல்ல' என்பது சாக்கு.

பொறுப்பை இறக்கிவைக்கத் தமிழ் வினைச்சொல்லிலேயே இடமிருக்கிறது. 'கிளாசை உடைச்சிட்டேன்' என்பதில் செய்தவர் இருக்கிறார். 'கிளாஸ் உடைஞ்சிபோச்சு' என்பதில் யாருமில்லை. 'கேட் போட்டுட்டான்' இரண்டிலும் சேராது. இங்கே செய்தவன் உண்டு, பெயர்தான் இல்லை. 'கரண்ட்ட புடுங்கிட்டான்', 'தண்ணி வுடல' என்று எங்கள் தெரு பேசும்போதெல்லாம் வருகிற இந்த 'அவன்' யார்? ரயில்வேயா, மாநகராட்சியா, அரசா? முகம் தெரியாத அதிகாரத்துக்கு மக்கள் வைத்திருக்கும் ஆண்பால் ஒருமை அது.

ஆனால் சாக்குச் சொன்னால் மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் அதை ஏற்க வேண்டும். ஒரு பட்டறையில் வேலைக்கிருந்தபோது பத்து நிமிஷத் தாமதத்துக்கு எனக்கு அரை நாள் கூலி போனது. 'கேட் போடுவான்னு தெரியும்ல, முன்னாடியே கெளம்ப வேண்டியதுதான?' என்றார் சூப்பர்வைசர். அதே கேட்டில் காரோடு நின்று வந்த முதலாளியை யாரும் எதுவும் கேட்கவில்லை. சாக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் யார், சொல்லாமலே தப்பிப்பவர் யார் என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகம் முதலில் அறிவித்தது. பிறகு கரையொதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் வலைகளும் படகுகளும் பாழாயின. அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது வெள்ளம். அறிக்கைத் தமிழில் எப்போதும் 'கசிவு ஏற்பட்டது'தான். கசியவிட்டவர் அந்த வாக்கியத்தில் இருப்பதே இல்லை. மக்கள் பேச்சில் 'அவன்' என்றாவது மிஞ்சியிருந்தவன் இங்கே அதுவுமில்லாமல் மறைந்துபோகிறான்.

கவிதையையும் கதையையும் கட்டுடைத்துப் பழகிய நாம் இந்த அறிக்கைகளையும் சாக்குகளாக வாசிக்க வேண்டும். வினைச்சொல்லுக்கு எழுவாயைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியையும் கேட்கலாம்: 'வெள்ளம் வரும்னு தெரியும்ல?'