ஹார்மோனிகாவின் சுருதித் தேர்வும் குரல் திரிபும்

திறவுச்சொற்கள்: சுருதி, நாகசுரம், ஹார்மோனிகா, கிதார், குரல் திரிபு, செம்பாலை.

முன்னுரை

பசுவந்தனை, கோவில்பட்டி முதலிய கரிசல் ஊர்களில் காற்றுக்கருவி இசை என்றதும் நினைவுக்கு வருபவர், கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலம் ஆவார். 'கொஞ்சும் சலங்கை' (1962) திரைப்படத்தில் அவரது நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஆபேரி இராகத்தில் ஒரே சுருதியில் இணைந்தன. இவ்வாறான இணைவில் விட்டுக்கொடுக்க வேண்டிய கருவி எது என்பதே முதல் வினா. நரம்பை முறுக்கலாம், தளர்த்தலாம். மரத்தில் இட்ட துளையை நகர்த்த இயலாது. நாகசுரத்தின் சுருதியை அதன் நீளமே பெரிதும் முடிவு செய்கிறது. குட்டையான திமிரி உயர்ந்த சுருதியிலும் நீண்ட பாரி தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். சீவாளியாலும், அடிப்பகுதித் துளைகளை மெழுகால் அடைப்பதாலும் சிறிதளவே திருத்தம் செய்யலாம். ஹார்மோனிகாவின் உலோக நாக்குகளோ மேடையில் திருத்தத்தக்கன அல்ல. ஆகவே கலைஞர் பல சுருதிக் கருவிகளை உடன்கொண்டு செல்கிறார். அவற்றுள் எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம் தோன்றுகிறது.

இளி குரலாதல்

கிதார் 5 கட்டையில் (ஜி) ஒலிக்குமானால் ஜி ஹார்மோனிகாவே பொருந்தும் என்று எண்ணுவது இயல்பு. சங்கராபரணச் சாயலுள்ள நேரான பாடல்களுக்கு அது சரியே. ஆயின் ப்ளூஸ் வழிவந்த இசையில் அதே கிதாருக்கு 1 கட்டைக் கருவி (சி) எடுக்கப்படுகிறது. இதனைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிடத் தமிழிசையின் குரல் திரிபு முறையால் விளங்கிக்கொள்வது எளிது.

பத்துத் துளை கொண்ட சி ஹார்மோனிகாவின் சுரவரிசை தீரசங்கராபரணம். பண்டைப் பெயர் அரும்பாலை. அதன் இளியை, அதாவது பஞ்சமத்தை, குரலாகக் கொண்டால் செம்பாலை பிறக்கும். இன்றைய அரிகாம்போதி அதுவே. சி கருவியின் பஞ்சமம் ஜி ஆதலால் கிதாரின் ஆதார ஷட்ஜத்தோடு அது ஒன்றுகிறது. ப்ளூஸ் நாடும் கைசிகி நிஷாதமும் கிடைத்துவிடுகிறது. மேலும் ஒரு பயன் உண்டு. இரண்டாம், மூன்றாம் துளைகளில் காற்றை உள்ளிழுக்கும்போது எழும் சுரங்களே இங்கு ஷட்ஜமும் அந்தர காந்தாரமும் ஆகின்றன. மூச்சின் அழுத்தத்தாலும் நாவின் நிலையாலும் இவற்றை வளைத்து இறக்கலாம். அந்தர காந்தாரத்திலிருந்து சாதாரண காந்தாரத்திற்கு வழுக்கி இறங்குவது கமகத்திற்கு அயலானதன்று. ஜி கருவியை நேராக வாசிப்பவருக்குக் கீழ்த்துளைகளின் இந்த நெகிழ்வு அதே சுரங்களில் கிட்டாது.

எனவே கிதாரின் ஷட்ஜத்திற்கு எது சுத்த மத்திமமோ அச்சுருதிக் கருவியை எடுத்தல் வேண்டும்: ஜி எனில் சி, ஏ எனில் டி, ஈ எனில் ஏ. மைனர் பாடல்களுக்குக் கணக்கு வேறு. ரிஷபத்தைக் குரலாக்கினால் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா பிறப்பதால், டி மைனருக்கும் அதே சி கருவி பொருந்தும்; ஏ மைனருக்கு ஜி.

கிதாரில் காப்போ இடப்பட்டிருப்பின் விரல் வடிவத்தை நம்புதல் கூடாது. இரண்டாம் மெட்டில் காப்போ இட்டு ஜி வடிவங்களை வாசிக்கும்போது காதில் விழுவது ஏ சுருதியாகும். அங்கு எடுக்க வேண்டியது டி கருவி. கிதார் கலைஞரின் விரல்களைப் பார்த்தவர் சி கருவியோடு மேடையில் நிற்க நேரும்.