மன்னித்தவர்களை மட்டும்தான் படம் பிடிப்பீர்களா?

ஒரே படத்தில் இரண்டு பேர். ஒருவர் கொலைகளில் பங்கெடுத்தவர், அல்லது வீடு புகுந்து சூறையாடியவர். பக்கத்தில் இருப்பது அவரால் உறவுகளையோ உடைமைகளையோ இழந்த பெண். ருவாண்டாவில் துட்சி மக்கள் கொன்று குவிக்கப்பட்ட 1994 இனப்படுகொலையின் 20-ம் ஆண்டையொட்டி, 2014-ல் தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஒருவர் தெற்கு ருவாண்டாவில் எடுத்த இந்தப் படங்கள் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் காட்சிக்கு வந்தன. பத்திரிகைகள் வழியே உலகம் சுற்றின. மீண்டெழும் ருவாண்டா என்ற பேச்சு வந்தாலே கலை ரசிகர்கள் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான்.

படங்களுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று ஹூட்டு, துட்சி ஆகிய இரு இன மக்களையும் சிறு குழுக்களாக அமர்த்தி மாதக்கணக்கில் பேச வைத்தது. முடிவில் குற்றம் செய்தவர் முறைப்படி மன்னிப்புக் கேட்பார். அது கிடைத்தால் குடும்பத்தோடு கூடையில் சாப்பாடும், சோளத்திலோ வாழைப்பழத்திலோ வடித்த பீரும் கொண்டுபோவார். பாட்டும் ஆட்டமுமாக உறவு உறுதியாகும்.

ஆனால் படங்களைக் கூர்ந்து பாருங்கள். சிலர் இயல்பாக நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் உடல் விறைக்க, விலகி நிற்கிறார்கள். அந்த இடைவெளி என்னை உலுக்குகிறது. மன்னித்தவருக்குக் கேமரா முன் இடம் கிடைத்தது. மன்னிக்க முடியாத பெண் எந்தச் சுவரில் இருக்கிறாள்?

கச்சாச்சா எனும் ஊர் நீதிமன்றங்கள் 2012-ல் முடிவதற்குள் சுமார் 19 லட்சம் இனப்படுகொலை வழக்குகளை விசாரித்தன. தண்டனை முடிந்தவர்கள் திரும்பியது பெரும்பாலும் அதே குன்றுக்கு, அதே அண்டை வீட்டுக்கு. தண்ணீர் எடுக்கும் வழியில் தினமும் எதிர்ப்படுகிறவரை மன்னிப்பது அந்தப் பெண்ணின் விருப்பமா, பிழைக்கும் வழியா? இத்தகைய படங்கள் இல்லாவிட்டால் சமரசம் சாத்தியம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். நம்பிக்கை தேவைப்படுவது பார்வையாளருக்கு. அதற்கான பாரத்தைச் சுமப்பவளோ உயிர் தப்பியவள்.

பிள்ளைகளின் நிலை இன்னும் கனமானது. படுகொலையின்போது நடந்த பாலியல் வன்கொடுமையால் பிறந்த குழந்தைகளையும் தாய்மார்களையும் எடுத்த படங்கள் 2009 முதல் பல நாடுகளில் காட்டப்பட்டன. அப்பா யார் என்பதைப் பல தாய்மார்கள் அப்போது பிள்ளைகளிடமே சொல்லியிருக்கவில்லை. உலகின் மனசாட்சியைத் தொட்ட படங்கள் அவை, சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு பிள்ளைக்குத் தெரியாத தன் பிறப்பின் கதை எங்கோ ஒரு நகரத்தின் காட்சிக்கூடச் சுவரில் தொங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1994 ஆகஸ்டில் ருவாண்டா போன சிலி நாட்டுக் கலைஞர் ஒருவர் வேறு முடிவுக்கு வந்தார். எடுத்த படங்களைக் கறுப்புப் பெட்டிகளுக்குள் வைத்து மூடினார். உள்ளே இருக்கும் படத்தின் விவரத்தை மேல்மூடியில் எழுதினார். 'ரியல் பிக்சர்ஸ்' என்ற அந்தப் படைப்பில் பார்வையாளருக்கு வாசிக்க மட்டுமே அனுமதி. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

ருவாண்டாவின் கிழக்கே, தான்சானியா எல்லையை ஒட்டிய நியாகரம்பியில் பெண்கள் இமிகோங்கோ எனும் ஓவியப் பலகைகளைச் செய்கிறார்கள். பசுஞ்சாணத்தில் சாம்பல் கலந்து, பலகையில் விரலால் வரிவரியாக மேடு எழுப்பி, காயவிட்டுத் தேய்த்து, கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம் பூசுகிறார்கள். வீட்டுச் சுவர்களில் இருந்த கலை. 1994-ல் அழியும் நிலைக்குப் போன இதைத் தூக்கி நிறுத்தியவர்களில் படுகொலையில் கணவனை இழந்தவர்களும் உண்டு. வளைவும் கோணமுமான அந்தக் கோலங்களில் முகம் இல்லை, வாக்குமூலம் இல்லை; யாரையும் மன்னித்ததாக அவர்கள் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. சுற்றுலாக் கடைகளில் இவை அலங்காரப் பொருளாக விற்கின்றன. மீட்சி என்ற தலைப்பில் கண்காட்சி நடத்துகிறவர்கள் இந்தப் பலகைகளை முதல் சுவரிலேயே மாட்டட்டும், செய்த பெண் சம்மதித்தால் அவர் பெயரோடு, உரிய விலையையும் அவருக்கே கொடுத்து.