மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள்

மாணவர்களே, 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டுக்கு வந்தன. அந்த ஆண்டு கல்வி அமைச்சு நடத்திய கருத்தாய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் இணையவழிக் கற்றலுக்கு எந்தக் கருவியும் இல்லை எனத் தெரிய வந்தது. கருவி இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கைப்பேசியின் சிறிய திரையில்தான் படித்தார்கள்.

இன்று அலுவலகங்கள் கழித்த மேசைக்கணினிகளைச் சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்க முடிகிறது. செமோர் போன்ற சிற்றூர்களில் பல குடும்பங்கள் இப்படித்தான் முதல் கணினியை வாங்குகின்றன. அதற்குப் பொருத்தமான மானிட்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் உங்களிடம் வரும். தவறாக வாங்கினால் அப்பா அம்மாவின் ஓவர்டைம் பணம் வீணாகும். நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலும் பெருக்கல் கணக்கும் இதற்குப் போதும்.

கண் ஏன் களைக்கிறது?

அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணின் சிலியரித் தசை சுருங்கி, வில்லையைத் தடிமனாக்குகிறது. மணிக்கணக்கில் திரையைப் பார்த்தால் அந்தத் தசை ஓய்வின்றி வேலை செய்கிறது. இன்னொரு காரணம் இமைப்பது குறைவது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை அளவில் இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் வருகிறது.

இந்த இரண்டையும் எந்த விலை உயர்ந்த மானிட்டரும் சரிசெய்யாது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 வினாடி பாருங்கள். உங்கள் ஜன்னலில் கந்தான் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்று தெரிந்தால் அதுவே போதும்.

‘நீல ஒளித் தடுப்பு’ என்ற சொல்லுக்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். திரையிலிருந்து வரும் நீல ஒளி பகல் வெளிச்சத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. கணினி வேலைக்காக நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி அணிவதை அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இரவில் பிரகாசமான திரை தூக்கத்தைக் கெடுக்கும். படுக்கும் முன் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள்

முதலாவது, பென்சில் சோதனை. சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க, பின்னால் உள்ள எல்இடி விளக்கை வினாடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்கு அது நேரடியாகத் தெரியாது. ஆனால் சிலருக்குத் தலைவலி தரும். திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான நிழலாகத் தெரிந்தால் விளக்கு சீராக எரிகிறது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் விளக்கு மினுக்குகிறது. வேறு மானிட்டரைப் பாருங்கள்.

இரண்டாவது, காகிதச் சோதனை. திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளோடு ஒப்பிட்டால் திரை விளக்குபோல் ஒளிர்ந்தால் வெளிச்சம் அதிகம்; சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோல் தெரியும் நிலையே கண்ணுக்கு இதம். வீட்டிலும் இதையே செய்யுங்கள்.

அளவையும் கவனியுங்கள். 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 0.31 மில்லிமீட்டர். எழுத்தின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும். ஆகவே படிப்புக்கு 24 அங்குலமே போதும். பளபளப்பில்லாத மேற்பரப்பும் வேண்டும். பளபளத் திரையில் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும்.

இனி, கணினியின் பின்புறம்

திரையில் தெரியும் படத்தைத் தயாரிப்பது கிராபிக்ஸ் கார்டு. அலுவலகக் கணினிகள் பலவற்றில் தனிக் கார்டு இருக்காது. செயலியே அந்த வேலையைச் செய்யும். எதுவானாலும் படம் ஒரு கேபிள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் கேபிளுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

கணக்கிட்டுப் பாருங்கள். 1920 × 1080 என்றால் 2,073,600 புள்ளிகள். வினாடிக்கு 60 படம், அதாவது 60 ஹெர்ட்ஸ் என்றால், ஏறத்தாழ 124 மில்லியன் புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட். மொத்தம் வினாடிக்குச் சுமார் 3 கிகாபிட். 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு. எனவே சுமார் 12 கிகாபிட்.

பழைய கணினிகளில் உள்ள எச்டிஎம்ஐ 1.4 சுமார் 8 கிகாபிட் படத்தரவைத்தான் கொண்டு செல்லும். அதில் 4கே மானிட்டரைப் பொருத்தினால் படம் வரும். ஆனால் 30 ஹெர்ட்ஸில் வரும். சுட்டியை நகர்த்தும்போதே தத்தித் தத்திப் போகும். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 சுமார் 14 கிகாபிட் தாங்கும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது போதும். இரண்டின் துளையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் விவரப் பட்டியலைப் பாருங்கள்.

துளைகளின் வகையும் முக்கியம். 15 ஊசி கொண்ட நீல நிற விஜிஏ, 1987-இல் ஐபிஎம் கொண்டு வந்தது. அது அனலாக் சமிக்ஞை. எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டும் டிஜிட்டல். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் விஜிஏயும் டிஸ்பிளேபோர்ட்டும் இருக்கும். கணினியின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குச் செல்லும் கேபிள் பொதுவாக வேலை செய்யும். அதையே திருப்பிப் போட்டால், கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்குப் படம் போகாது. அதற்குத் தனி மாற்றி வேண்டும்.

உங்கள் கணினியில் தனிக் கார்டு இருந்தால், கேபிளை அந்தக் கார்டின் துளையில் செருகுங்கள். மேலே உள்ள தாய்ப்பலகைத் துளையில் செருகினால், காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்கும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேண்டுமா? வினாடிக்கு 40 படம் மட்டுமே வரையும் கார்டுக்கு அது பயன்படாது. பழைய படக்குழாய் மானிட்டர்களில் 60 ஹெர்ட்ஸ் கண்ணுக்கே மினுங்கித் தெரியும். இன்றைய எல்சிடி திரையில் ஹெர்ட்ஸ் குறைந்தாலும் விளக்கு அணைவதில்லை. ஆகவே படிப்புக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். அதிக ஹெர்ட்ஸ் விளையாட்டின் அசைவை மென்மையாக்கவே உதவும்.

கடைக்குப் போகும் முன்

• கணினியின் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; மாதிரி எண்ணை எழுதுங்கள்.

• 24 அங்குலம், 1920 × 1080, பளபளப்பில்லாத திரை, உயரம் மாற்றக்கூடிய தாங்கி ஆகியவற்றைக் கேளுங்கள்.

• ஒரு பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துச் செல்லுங்கள்.

• வீட்டில் மானிட்டரை ஒரு கை நீட்டும் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கும்படி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தலை வலித்தால், அல்லது வகுப்பில் வெண்பலகை மங்கலாகத் தெரிந்தால், குறை மானிட்டரில் இல்லாமல் இருக்கலாம். கிட்டப்பார்வை வந்திருக்கக்கூடும். வீட்டில் சொல்லிக் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. தைவான் 2010 முதல் தன் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 2 மணி நேரம் வெளியில் இருக்க ஊக்குவிக்கிறது. மாலையில் திடலுக்குப் போய் ஓடியாடிவிட்டு வந்து கணினி முன் உட்காருங்கள்.