சாம்பேசி ஆற்றில் ஒரு துடுப்புப் பயணம்



ஆப்பிரிக்கக் காடு என்றதும் ஜீப் பயணம்தான் நினைவுக்கு வரும். சாம்பேசி ஆற்றிலோ துடுப்புப் படகிலேயே காட்டைப் பார்க்கலாம். இந்த ஆற்றின் குறுக்கே உள்ள கரிபா அணையைத் தாண்டி, கீழ்நோக்கி ஓடும் பகுதியில், ஒரு கரையில் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்கா. எதிர்க்கரையில் சாம்பியாவின் லோயர் சாம்பேசி தேசியப் பூங்கா. மானா பூல்ஸ் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முதல் படகில் வழிகாட்டி செல்வார். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். இங்கே முதலைகளைவிட நீர்யானைகளிடம்தான் படகோட்டிகளுக்கு எச்சரிக்கை அதிகம். மிரண்ட நீர்யானை ஆழமான நீரை நோக்கிப் பாயும். அதன் வழியில் படகு குறுக்கிடவே கூடாது. அதனால் கரையோர ஆழமில்லாத நீரிலேயே துடுப்புப் போடுவார்கள். வழிகாட்டி துடுப்பால் படகின் பக்கத்தைத் தட்டுவார். சத்தம் கேட்டு, மூழ்கியிருக்கும் நீர்யானைகள் தலை தூக்கும். எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு விலகிச் செல்வார்கள்.

இரவில் ஆற்றங்கரையில் கூடாரம். அதற்குள் உணவு வைக்கக் கூடாது. ஆரஞ்சு போன்ற பழங்களைப் பூங்காவுக்குள் கொண்டுவரவே தடை. அந்த வாசனைக்கு யானைகள் தேடி வந்துவிடும்.

1980-களில் இங்கே முபாட்டா பள்ளத்தாக்கில் ஓர் அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டியிருந்தால் மானா பூல்ஸ் நீரில் மூழ்கியிருக்கும். இயற்கை ஆர்வலர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. இந்தக் காடு இன்றும் நிலைத்திருப்பதில் அந்தக் குரல்களுக்கும் பங்கு உண்டு.