அந்தக் கால் எங்கே போயிற்று?

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் நெல் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. முழுக்கத் தமிழ்ப் பின்னக் குறிகள். முந்திரி (1/320), காணி (1/80), மாகாணி (1/16) என்று கீழ்வாய் இலக்கம் மனப்பாடம் செய்த என் தந்தையார் வாசிக்க, நான் கணிப்பொறியில் ஏற்றினேன். யூனிக்கோடு 12.0 பதிப்பில், 2019 மார்ச்சில், இத்தகைய 51 தமிழ்க் குறிகள் இடம்பெற்றதால் இது இயன்றது.

கூட்டிச் சொல்ல ஒரு சிறு நிரலும் எழுதினேன். அலுவலக மடிக்கணினியில் சரியாக வந்தது. வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியில் மறுபடி கட்டி ஓட்டிய விடையைப் பார்த்ததும் அப்பா சொன்னார்: "நாலு மாகாணி கால்டா! அந்தக் கால் எங்கடா போச்சு?"

காரணம் இதுதான். எந்த நிரலும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதி வைத்த 'லைப்ரரி'களின் துணையோடுதான் ஓடுகிறது. ஒரு குறியின் மதிப்பு என்ன என்று என் நிரல் ஐ.சி.யு. என்ற லைப்ரரியைக் கேட்கும். யூனிக்கோடு 12-ஐ அறிந்தது ஐ.சி.யு. 64-ஆம் பதிப்பு. பழைய கணிப்பொறியின் உபுண்டு 18.04-இல் இருந்ததோ 60. மாகாணியை அதற்குத் தெரியாது. "மதிப்பு இல்லை" என்றது; என் நிரல் அதைச் சுழி என்று எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. தவறு என்னுடையதே.

நிரலைக் கட்டுமுன் 'கான்ஃபிகர்' என்றொரு படி உண்டு. என்னென்ன லைப்ரரி இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பல லைப்ரரிகள் தம் பெயர், பதிப்பு, இருப்பிடம் ஆகியவற்றைக் குறித்த சிறு கோப்பு ஒன்றை வைத்திருக்கும். அதைப் படித்துச் சொல்வது 'பிகேஜி-கான்ஃபிக்'. "64-க்குக் குறைந்தால் கட்டாதே" என்று ஒரு வரி சேர்த்தேன்.

பதிப்பெண்ணைப் பதின்மமாகப் படிக்கலாகாது. 1.9-க்கு அடுத்தது 1.10, அதுவே புதியது. ஆகவே ஒப்பிடும் வேலையை அந்தக் கருவியிடமே விடுவது நலம்.

பிறகு புதிய ஐ.சி.யு.வை என் சொந்தக் கோப்புறையில் நிறுவினேன். அப்போதும் 60 என்றே விடை! பிகேஜி-கான்ஃபிக் வழக்கமான இடங்களில் மட்டுமே தேடும். புது இடத்தை நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் கட்டியது. ஆனால் ஓட்டியபோது லைப்ரரியைக் காணோம் என்று நின்றுவிட்டது. கட்டும்போது தேடுவது வேறு, ஓடும்போது தேடுவது வேறு. அதற்கும் வழி காட்டினேன். இப்போது நிரல் ஓடத் தொடங்கியதும் தன் கையிலுள்ள பதிப்பை முதல் வரியில் அச்சிடுகிறது. தெரியாத குறி வந்தால் சுழி என்று கொள்ளாமல் நின்று கேட்கிறது.

அன்பர்கள் வீட்டிலும் இப்படிப் பழங்கணக்கு இருக்கலாம். பிள்ளைகளைக் கொண்டு கணிப்பொறியில் ஏற்றுங்கள். ஆனால் பதிப்பு எது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்பா இருந்தார். கால் திரும்பி வந்தது. எல்லா வீட்டிலும் மாகாணி வாய்ப்பாடு தெரிந்தவர் இருக்கமாட்டார்.