பேரை எடுத்துட்டா போதுமா? உங்க செலவே உங்களைக் காட்டிக் கொடுத்துடும்!

செலவுக் கணக்கு ஆப், லோன் ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது இப்படி ஒரு வரி பார்த்திருப்பீங்க: "உங்கள் பெயரை நீக்கிவிட்டே தகவலைப் பகிர்கிறோம்." பேர்தான் இல்லையேன்னு நாமளும் 'அலவ்' கொடுத்துடறோம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். உங்க வீடு காஞ்சிபுரம், வேலை ஒரகடத்துல. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டிபன். புதன்கிழமை ஒரகடத்துல பெட்ரோல். வெள்ளிக்கிழமை காந்தி ரோட்டுல அக்கா கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை. சனிக்கிழமை வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துல பூ. இந்த நாலு கடையிலயும் அதே நாள்ல பணம் கொடுத்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க? அநேகமா நீங்க மட்டும்தான்.

இதை ஆராய்ச்சியிலயே காட்டியிருக்காங்க. 2015-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், 11 லட்சம் பேரின் 3 மாத கிரெடிட் கார்டு பதிவுகளை எடுத்துக்கிட்டாங்க. அதில் பெயர் கிடையாது. ஆனாலும் எந்த நாள், எந்தக் கடை என்று 4 செலவு தெரிந்தாலே, 90 சதவீதம் பேரின் பதிவைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது.

அதுக்கும் முன்னாடி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். நெட்ஃப்ளிக்ஸ் பெயரை நீக்கி வெளியிட்ட சுமார் 5 லட்சம் பேரின் ரேட்டிங்கிலும், சிலரை அவங்களால அடையாளம் காண முடிந்தது.

சரி, இதுல நமக்கு என்ன நஷ்டம்? நாலு செலவை வைத்து உங்க பதிவைக் கண்டுபிடிச்சா, அதே பதிவில் இருக்கும் ஆஸ்பத்திரி பில், இ.எம்.ஐ., மாசக் கடைசி கைமாத்து எல்லாமே தெரிஞ்சுடும்.

என்ன செய்யலாம்?

1. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடுக்காதீங்க. பேங்க் மெசேஜ்லயே நாள், கடை, தொகை எல்லாம் இருக்கு.

2. லோன் ஆப் உங்க கான்டாக்ட், கால் லாக், போட்டோக்களைத் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கு. கேட்டா உடனே அன்இன்ஸ்டால்!

3. பில் போடும்போது போன் நம்பர் கேட்டா, "வேண்டாங்க"ன்னு சொல்லலாம். பேர் இல்லாத செலவை உங்களோட சேர்த்து முடிச்சு போடறதே அந்த நம்பர்தான்.

இன்னிக்கு நைட்டே செட்டிங்ஸ் போய், எத்தனை ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். அனுமதி கொடுத்திருக்கீங்கன்னு எண்ணிப் பாருங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!